கால்சியம் நார்மல், பி.டி.எச். மட்டும் ஏன் அதிகம்?

போன மாசம் சித்தி ரத்தப் பரிசோதனைத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினாறு வருஷமா வேலை. இடுப்பு வலி, படி ஏறினால் தொடை கனக்கிறது. தாளில் கால்சியம் 9.1, வைட்டமின் டி 11, பி.டி.எச். 124. கடைசியாக உள்ளது 65-ஐத் தாண்டக் கூடாது. "கால்சியம்தான் நார்மலா இருக்கேப்பா, அப்புறம் எலும்பு ஏன் வலிக்குது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தக் குறிப்பு.

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இவற்றின் வேலை. குறைந்தால் நரம்பும் தசையும் இதயமும் தடுமாறும். இந்தச் சுரப்பிச் செல்களின் மேல் கால்சியத்தை உணரும் ஒரு ஏற்பி இருக்கிறது. 1993-ல்தான் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும் ஏற்பிக்குத் தெரிந்துவிடும். இருப்பில் உள்ள பி.டி.எச். சில நொடிகளிலேயே வெளியே வரும்.

ஆனால் இருப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? புதிதாகத் தயாரிக்க வேண்டும். மரபணுவின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓட்டலில் சர்வர் ஆர்டரைச் சீட்டில் எழுதி அடுப்படிக்குக் கொடுப்பார் இல்லையா? மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. அந்தச் சீட்டு மாதிரி. சீட்டு இருக்கும் வரை அடுப்படியில் தோசை வந்துகொண்டே இருக்கும். கிழித்துப் போட்டால் நின்றுவிடும். தோசையைக் குறைக்க இரண்டு வழி: சீட்டு எழுதுவதைக் குறைக்கலாம், எழுதிய சீட்டைச் சீக்கிரம் கிழிக்கலாம்.

வைட்டமின் டி முதல் வழியில் வேலை செய்கிறது. தோலில் வெயில் பட்டு உருவாகும் டி, கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் அடைந்து கால்சிட்ரியால் ஆகிறது. அது செல்லின் உட்கருவுக்குள் போய், தன் ஏற்பியோடு சேர்ந்து, பி.டி.எச். மரபணு படியெடுக்கப்படுவதைக் குறைக்கிறது. எருசலேமில் ஜஸ்டின் சில்வரின் குழு 1986-ல் எலிகளில் இதைக் காட்டியது.

கால்சியம் இரண்டாவது வழியில். அது குறைந்தால், சீட்டின் வால்பகுதியில் ஒட்டிக் காப்பாற்றும் புரதங்களின் கை ஓங்கும். சீட்டு அதிக நேரம் கிழியாமல் இருக்கும், ஹார்மோனும் கூடும். இதுவே வாரக்கணக்கில் நீடித்தால் சுரப்பிச் செல்களே பெருக ஆரம்பிக்கும்.

இப்போ சித்தியின் தாளுக்கு வருவோம். டி குறைவாக இருந்தால் உணவில் உள்ள கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் குடல் உறிஞ்சும். போதுமான டி இருந்தால் 30 சதவீதத்துக்கு மேல். பற்றாக்குறை வந்ததும் பி.டி.எச். ஏறி, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் சேர்க்கிறது. அந்த 9.1 எலும்பிடம் கடன் வாங்கிக் காப்பாற்றிய 9.1. வலி அதனால்தான்.

"நம்ம ஊர் வெயிலுக்கா டி குறையும்?" என்று கேட்கலாம். மில் வண்டி விடிவதற்கு முன்னே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. நைட் ஷிப்ட் என்றால் பகல் முழுக்கத் தூக்கம். ஊரில் வெயில் இருக்கிறது, அது சித்தியின் தோலில் படுவதில்லை. திருப்பதியில் ஹரிநாராயண் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்விலும் கிராமத்தாரைவிட நகரத்தாருக்கு டி குறைவாக இருந்தது. கிராமம், நகரம் இரண்டிலுமே உணவில் கால்சியம் நாளுக்குச் சுமார் 300 மில்லிகிராம்தான். இன்றைய இந்தியப் பரிந்துரை 1000.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கால்சியம் குறைவாகச் சாப்பிட்டால் உடம்பில் இருக்கும் டி-யும் வேகமாகச் செலவாகிறது. 1987-ல் எலிகளில் கண்டது இது. ஆக வெயில் மட்டும் போதாது, தட்டிலும் இருக்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம், ஒரு டம்ளர் பாலில் 200-க்கு மேல். கேழ்வரகில் உள்ள பைட்டேட் கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும்.

ஒரு எச்சரிக்கை. பி.டி.எச். ஏறினாலே டி குறைவுதான் என்று முடிவு கட்டக் கூடாது. சிறுநீரகம் பழுதானாலும் ஏறும். கால்சியமும் சேர்ந்து ஏறியிருந்தால் சுரப்பியிலேயே கட்டி இருக்கலாம். டி மாத்திரையை நாமாக வாங்கி அளவில்லாமல் போட்டால் கால்சியம் எகிறி, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சித்தியிடம் டாக்டர் கிரியாட்டினின் பார்த்துவிட்டு, இரண்டு மருந்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூணு மாசம் கழித்துத் திரும்பப் பார்க்கணும். "அப்போ கால்சியத்தை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க சித்தி, பி.டி.எச். இறங்கியிருக்கான்னு கேளுங்க" என்று சொல்லியிருக்கிறேன்.