15 வயதாகியும் பூப்பெய்தாத பெண்

திருத்தணி வட்டாரத்தில் ஒரு பெண் பூப்பெய்தினால் ஊரே அறியும். தெலுங்கு பேசும் இல்லங்களில் ‘பெத்த மனிஷி’ ஆனாள் என்பர். தமிழ் பேசும் இல்லங்களில் மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் எழும். நெசவாளராயினும் விவசாயியாயினும் கடன் பட்டேனும் சடங்கை நடத்துவர். ஆனால் வயது வந்தும் பூப்பெய்தாத பெண்ணைப் பற்றி வெளியே பேசுவாரில்லை. வீட்டில் கவலையும் வெளியில் வம்பும் வளர்கின்றன. அப்பெண்ணின் பொருட்டே இதனை எழுதுகின்றோம்.

எப்போது வைத்தியரை நாட வேண்டும்? 15 வயது நிறைந்தும் பூப்பெய்தாவிடில் நாட வேண்டும். 13 வயது நிறைந்தும் மார்பு வளர்ச்சி தொடங்காவிடினும், தொடங்கி 3 ஆண்டுகள் கழிந்தும் பூப்பெய்தாவிடினும் அவ்வாறே. மாதந்தோறும் அடிவயிற்றில் வலி கண்டு, உதிரம் மட்டும் வெளிப்படாதிருப்பின் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. பிறவியிலேயே வழி சவ்வினால் மூடியிருத்தல் இதற்குக் காரணமாகலாம். சிறு அறுவைச் சிகிச்சையால் இது தீரும்.

காரணங்கள் பல. தாயும் தாமதமாகப் பூப்பெய்தியிருப்பின் மகளுக்கும் அவ்வாறே நேரலாம். போஷாக்குக் குறைவு, தைராய்டுக் கோளாறு, நாட்பட்ட நோய் ஆகியனவும் தடையாகும். ஏறக்குறைய 2,500 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று குறைந்திருக்கும். இதுவே டர்னர் நோய்க்குறி. இவர்கள் குள்ளமாக இருப்பர். உரிய வயதில் ஹார்மோன் சிகிச்சை பெறின் பருவ வளர்ச்சி உண்டாகும், எலும்பும் உறுதிப்படும். ஏறக்குறைய 5,000 பெண்களில் ஒருவருக்குக் கருப்பை வளராதிருக்கும். அவர்களுக்கும் இல்லற வாழ்வு கூடும்.

இவற்றுள் எதுவும் சாபமன்று, பெண்ணின் குற்றமுமன்று. ‘கலியாணம் செய்தால் சரியாகும்’ என்பது பெரும் தவறு. கலியாணம் எந்நோய்க்கும் மருந்தன்று. 18 வயதுக்கு முன் அது சட்டவிரோதமுமாகும். உண்மையை மறைத்து மணம் முடித்தல் இரு குடும்பங்களுக்கும் துன்பமே தரும்.

முதலில் திருத்தணி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. உயரமும் எடையும் பார்த்து, இரத்தமும் சோதித்து, வயிற்றை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் காரணம் புலனாகும். மேலும் சோதனை தேவைப்படின் சென்னை எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனை உள்ளது. அரக்கோணம் வழியே ரயில் வசதியும் உண்டு.

பூப்பெய்திய பெண்ணுக்குப் பந்தல் இடும் நாம், பூப்பெய்தாத பெண்ணுக்கு ஒரு நாள் தறியை நிறுத்தி உடன் செல்லலாகாதா? அங்கத்தினர்கள் சிந்திப்பார்களாக.