ஊசி முனையில் அழகு

அழகாக இருக்க விரும்பாதவர் யார்? நம் பாட்டிமார் மஞ்சள் பூசினார்கள், பயற்றமாவு தேய்த்துக் குளித்தார்கள், மருதாணி இட்டுக்கொண்டார்கள். இவை யாவும் தோலின் மேலேயே நின்றன. பிடிக்காவிட்டால் ஒரு செம்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். (மருதாணியை மட்டும் கழுவ முடியாது, பத்து நாள் பொறுக்க வேண்டும்!) இப்போதோ அழகு ஊசி வழியே தோலுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கிறது. கொழுப்பைக் கரைக்க ஓர் ஊசி, சுருக்கத்தை நீக்க ஓர் ஊசி, நிறத்தை மாற்ற ஓர் ஊசி என்று விளம்பரங்கள் வீட்டிலுள்ள கைப்பேசிக்கே வந்து சேருகின்றன. இந்த ஊசிகளில் இருப்பது என்ன, உள்ளே சென்று அது என்ன செய்கிறது என்பதை இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது புதிய ஆசை அன்று. 1899ஆம் ஆண்டிலேயே வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் கெர்சூனி பாரஃபினை ஊசியால் உடலில் ஏற்றிப் பார்த்தார். அதைக் கண்டு ஐரோப்பாவில் பலர் மூக்கையும் கன்னத்தையும் திருத்திக்கொள்ளப் புறப்பட்டனர். ஆனால் பாரஃபின் போட்ட இடத்தில் நிற்கவில்லை. கட்டியாயிற்று, இடம் பெயர்ந்தது. பேரழகி என்று புகழப்பட்டவரும் பின்னாளில் மார்ல்பரோ கோமகள் ஆனவருமான கிளாடிஸ் டீக்கன் தம் மூக்கைச் சீராக்க அதை ஏற்றிக்கொண்டார். நாளடைவில் அது தாடை வரை இறங்கி முகத்தையே கெடுத்துவிட்டது.

இன்றைய கொழுப்புக் கரைப்பு ஊசியில் உள்ள மருந்து டியாக்சிகோலிக் அமிலம். பெயர்தான் பயமுறுத்துகிறது; பொருள் நம் பித்தநீரில் இயல்பாகவே இருப்பது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ அதையே குடலில் பித்தநீர் செய்கிறது என்று எங்கள் அறிவியல் சிஸ்டர் சொல்வார்கள். நாம் உண்ணும் நெய்யையும் எண்ணெயையும் அது சிறு துளிகளாக உடைக்கிறது. அதே அமிலத்தைத் தோலுக்கடியில் செலுத்தினால், அங்குள்ள கொழுப்பு உயிரணுவின் சவ்வையே உடைத்துவிடும். அந்த இடம் வீங்கும், வலிக்கும். சிதைந்தவற்றை உடலின் துப்புரவு அணுக்கள் மெல்ல மெல்ல அப்புறப்படுத்தும்.

அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015இல் இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். மோவாய்க்குக் கீழே சேரும் கொழுப்புக்கு மட்டுமே, அதுவும் வயது வந்தவர்களுக்கு மட்டுமே. ஒரு முறைக்கு 50 குத்து வரை விழலாம். குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு ஆறு முறை வரை செய்யலாம். ஊசி தாடையோர நரம்பைப் பாதித்தால் சிரிப்பு கோணலாகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும் என்றாலும், திருமண ஒளிப்படம் அதுவரை காத்திருக்குமா? வயிறு, இடுப்பு, தொடை எதற்கும் அந்த அனுமதி கிடையாது. இதனால் உடல் எடை குறைவதும் இல்லை.

எடை குறைவதற்கென்று வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் வேறு. அவை பசியை அடக்குபவை. நீரிழிவுக்கும் மிகையான உடற்பருமனுக்கும் மருத்துவர் சீட்டின் பேரில் தருபவை. பலர் இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ், கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு. தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளையை அது தடுக்கிறது. 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் மருந்தாக ஏற்கப்பட்டு, 2002இல் புருவ இடைச் சுருக்கத்துக்கும் அனுமதி பெற்றது. மூன்று நான்கு மாதங்களில் அதன் வேலை தீர்ந்துவிடும்; மறுபடியும் பணம் கட்ட வேண்டியதுதான்.

நம் ஊர்ப் பெண்களை மிகவும் மயக்குவது நிற ஊசி. அதில் உள்ளது குளூட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த இப்பொருளை நம் உடலே தயாரித்துக்கொள்கிறது. கருமை தரும் மெலனின் உண்டாவதை இது குறைக்கும் என்று கூறி நரம்பில் ஏற்றுகிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இவ்வாறு ஏற்றுவதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவை கெடலாம் என்பதும், தோல் உரியும் கடும் ஒவ்வாமை நேரலாம் என்பதும் அதில் சொல்லப்பட்ட காரணங்கள்.

சிதம்பரத்தில் என் பெரியம்மா மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, அக்கம்பக்கத்தார்தான் சொன்னார்கள். பெரியம்மா அக்காவை ஓர் அழகு நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். பத்து ஊசி போட்டால் கல்யாணத்துக்குள் நிறம் ஏறிவிடும் என்றார்களாம். என்ன மருந்து என்று கேட்டதற்கு, "எல்லாம் வைட்டமின்தான்மா" என்று பதில். அக்கா வேதியியல் பட்டதாரி. மருந்துப் புட்டியைக் காட்டுங்கள் என்றாள். காட்டவில்லை. எழுந்து வந்துவிட்டாள். பெரியம்மா ஒரு வாரம் அவளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அக்கா செய்ததே சரி என்பது என் எண்ணம். இதை எழுதினால் பெரியம்மா படிப்பார் என்றும் தெரியும்.

பெரியம்மாவை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. சிவப்பே அழகு என்று 1975 முதல் ஒரு களிம்பு நாடெங்கும் விற்கப்பட்டது. அந்த நிறுவனம் 2020இல்தான் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரை மாற்றியது. சென்னையில் 2009இல் தொடங்கிய 'கருமையும் அழகே' என்னும் இயக்கத்துக்குப் பின்னர் நடிகை நந்திதா தாஸ் துணை நின்றார். அறிவியலும் அந்தப் பக்கமே நிற்கிறது. மெலனின் என்பது சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடை. சித்திரை வெயிலில் கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நிற்கிறவருக்கு அந்தக் குடை எவ்வளவு தேவை!

மருந்து நல்லதாயிருந்தாலும் போடுகிற கையும் நல்லதாயிருக்க வேண்டும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அவரவர் இரத்தத்தையே எடுத்து முகத்தில் ஏற்றும் ஓர் அழகு நிலையம் 2018இல் மூடப்பட்டது. அங்கு சென்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் விரிவாக வெளியிட்டது. நம் பக்கத்தில் நடந்தவை ஊசியால் அல்ல, அறுவைச் சிகிச்சையால். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பின் இறந்தார்; வயது 21. 2024 ஏப்ரலில் எடை குறைக்கும் அறுவைக்காகச் சென்னைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் 26 வயதில் உயிரிழந்தார். நம் கடலூரிலிருந்து புதுச்சேரி எவ்வளவு தூரம்?

உடற்பருமனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடை செய்கிறது. விளம்பரம் கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வருகிறது. வீட்டில் யாரேனும் ஊசி போட்டுக்கொள்ள முடிவு செய்தால், போடுகிறவர் மருத்துவர்தானா என்று பதிவு எண்ணைக் கேட்கலாம். தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் அந்த எண் உள்ளதா என்று பார்த்துவிடலாம். புட்டியின் பெயரையும் காலாவதி நாளையும் படிக்க வேண்டும்; ஊசி உறை நம் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். முகப்பருவும் கரும்படையும் உள்ளவர்கள் அழகு நிலையத்தை நாடவே தேவையில்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முன்பு இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்பட்டதே, அதுதான். அங்கே தோல் நோய்க்கென்று தனிப் பிரிவு உண்டு.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு