கைப்பேசியின் பெயரும் எண்ணும்



குழந்தைக்குப் பெயரிடும் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஆசையோடு அழைக்கும் செல்லப் பெயர் ஒன்று இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கும். தேர்வு மண்டபத்திலோ அந்த இரண்டு பெயர்களும் மறைந்து ஓர் எண் மட்டுமே எஞ்சும். ஆள் ஒருவர்தாம், அடையாளங்கள் மூன்று. நம் கையிலே இருக்கும் திறன்பேசிக்கும் இவ்வாறே மூன்று அடையாளங்கள் உண்டு. விளம்பரத்திலே ஒலிக்கும் பெயர் ஒன்று. அதை உருவாக்கியவர்களின் ஏட்டிலே பதிந்த மாதிரி எண் ஒன்று. அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரிய தனி எண் ஒன்று. இவை எவ்வாறு அமைகின்றன, இவற்றுள் எதை எதற்காக நம்பலாம் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இதைப் பேசுமாறு என்னைத் தூண்டியது என் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. என் தங்கை மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாலை நேரங்களில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அதில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு ஒரு திறன்பேசி வாங்கினான். ஒரு நாள் அது கை தவறி விழுந்து திரை நொறுங்கிவிட்டது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெயரை எழுதிப் புதிய திரை ஒன்றை வரவழைத்தான். வந்த திரை பொருந்தவில்லை. உறையைப் பிரித்துவிட்டபடியால் விற்றவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. இரண்டு மாத உழைப்பு வீணாயிற்று. "பெயரைச் சரியாகத்தானே எழுதினேன், மாமா?" என்று அவன் வருந்தினான். பெயர் சரிதான். ஆனால் அந்தப் பெயரை ஒன்றுக்கொன்று வேறான இரண்டு கருவிகள் சுமந்துகொண்டிருந்தன. அதுதான் அவன் அறியாதது; அன்றுவரை நானும் அறியாதது.

முதலில் விளம்பரப் பெயரை எடுத்துக்கொள்வோம். பெயரில் எண் இருந்தால் அது வரிசையைக் குறிக்கும் என்றுதான் நாம் இயல்பாக நினைக்கிறோம். ஆப்பிள் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் தன் முதல் ஐபோனை வெளியிட்டபோது அதன் பெயரில் எண்ணே இல்லை. மறு ஆண்டு இரண்டாவது கருவி வந்தது. அதன் பெயரோ 'ஐபோன் 3ஜி'. இரண்டாவதற்கு மூன்று எப்படி வந்தது? அந்த மூன்று கருவியின் வரிசையைச் சொல்வதன்று. மூன்றாம் தலைமுறைத் தொலைபேசி வலையமைப்பில் அது இயங்கும் என்பதைச் சொல்வது. 2010-ஆம் ஆண்டில் நான்காவது கருவிக்கு 'ஐபோன் 4' என்று பெயரிட்டபோது எண்ணும் வரிசையும் ஒத்துப்போயின. ஆனால் அடுத்த ஆண்டே '4எஸ்' என்று ஒன்று வந்தது. ஆகவே 2012-இல் வந்த 'ஐபோன் 5' உண்மையில் ஆறாவது கருவி ஆயிற்று. 2017-இல் எட்டும் பத்தும் ஒருங்கே அறிவிக்கப்பட்டன. பத்து என்பதை ரோமானிய எண்ணாக 'எக்ஸ்' என்று எழுதினார்கள். முதல் ஐபோன் வந்து பத்தாண்டு நிறைந்த வேளை அது. இடையில் ஒன்பது எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்பது பிறக்கவே இல்லை!

சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி எஸ் வரிசையைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டில் 'எஸ்10' வந்தது. 2020-ஆம் ஆண்டில் 'எஸ்20' வந்தது. ஒரே ஆண்டில் பத்துப் படிகள் ஏறிவிட்டதாக எண்ண வேண்டா. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களோடு பெயர் ஒத்துப்போகத் தொடங்கியது, அவ்வளவுதான். சீன நாட்டின் ஒன்பிளஸ் நிறுவனம் 2016-இல் மூன்றாம் எண்ணை இட்டது. 2017-இல் நேரே ஐந்துக்குத் தாவியது. சீன மொழியில் நான்கு என்னும் சொல்லின் ஒலி, சாவு என்னும் சொல்லின் ஒலியை ஒத்திருக்கிறது. அதனால் அந்த எண்ணை அங்கே பலரும் விலக்குவது வழக்கம். ஆக, திறன்பேசியின் பெயரில் வரும் எண் சில வேளை வரிசை, சில வேளை ஆண்டு, சில வேளை வலையமைப்பு, சில வேளை வெறும் நம்பிக்கை.

எண்ணுக்குப் பின்னே வரும் அடைமொழிகளும் அப்படித்தான். 'புரோ', 'மேக்ஸ்', 'அல்ட்ரா', 'பிளஸ்', 'லைட்' என்பவற்றுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் வரிசைக்குள்ளே எது பெரியது, எது சிறியது என்று காட்ட அவை உதவலாம். ஒரு நிறுவனத்தின் 'புரோ'வை மற்றொரு நிறுவனத்தின் 'புரோ'வோடு ஒப்பிடுவது, ஒருவர் வீட்டுப் படியையும் மற்றொருவர் ஆழாக்கையும் கொண்டு அரிசி அளப்பது போன்றது.

எனினும் எல்லாப் பெயர்களும் முறையற்றவை அல்ல. சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி ஏ வரிசையில் பெயரைப் படிக்க ஒரு வழி உண்டு. இரண்டு இலக்கங்களில் முதலாவது கருவியின் தரநிலையைக் குறிக்கும். இரண்டாவது தலைமுறையைக் குறிக்கும். ஏ52 என்பது 2021-இல் வந்தது. ஏ53 அடுத்த ஆண்டில் வந்தது. ஏ54 அதற்கு அடுத்த ஆண்டில் வந்தது. ஏ36 வெளியானது 2025-இல். முப்பத்தாறைக் காட்டிலும் ஐம்பத்திரண்டு பெரியது என்று கணக்கு சொல்லும். ஆனால் ஏ52 நான்கு ஆண்டு பழையது. இந்த எண்களை ஒரே எண்ணாகச் சேர்த்துப் படித்தால் ஏமாறுவோம். இலக்கம் இலக்கமாகப் பிரித்துப் படித்தால் பொருள் விளங்கும்.

இனி இரண்டாவது அடையாளத்துக்கு வருவோம். கடைக்காரர்கள் 'மாடல் நம்பர்' என்று சொல்வார்களே, அந்த மாதிரி எண்தான் அது. 2021-ஆம் ஆண்டில் 'கேலக்சி ஏ32' என்னும் பெயரோடு இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று நான்காம் தலைமுறை வலையமைப்புக்கு உரியது. மற்றொன்று ஐந்தாம் தலைமுறைக்கு உரியது. முதலாவதன் திரை 6.4 அங்குல அமோலெட் வகை. இரண்டாவதன் திரை 6.5 அங்குல எல்சிடி வகை. ஒன்றின் திரை மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆனால் மாதிரி எண்ணைப் பாருங்கள்: ஒன்று எஸ்எம்-ஏ325 என்று தொடங்குகிறது, மற்றொன்று எஸ்எம்-ஏ326 என்று தொடங்குகிறது. கடைசி இலக்கம் ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இலக்கங்களுக்குப் பின் வரும் எழுத்துக்கும் பொருள் உண்டு. கேலக்சி எஸ்21-இன் மாதிரி எண் எஸ்எம்-ஜி991. அதன் இறுதியில் 'பி' இருந்தால் ஐரோப்பா முதலிய பல நாடுகளுக்கு உரியது. 'யு' இருந்தால் அமெரிக்காவுக்கு உரியது. 'என்' இருந்தால் கொரியாவுக்கு உரியது. வேற்றுமை எழுத்தோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பாவில் விற்ற கருவியில் எக்சினோஸ் 2100 என்னும் செயலி இருந்தது. அமெரிக்காவில் விற்றதில் ஸ்னாப்டிராகன் 888 இருந்தது. பெயரும் தோற்றமும் ஒன்று. உள்ளே உள்ள மூளை வேறு.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஷாவ்மி நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இந்தியாவில் 'ரெட்மி கே20' என்று விற்ற கருவியை ஐரோப்பாவில் 'மி 9டி' என்று விற்றது. பொருள் ஒன்று, பெயர் இரண்டு.

ஏன் இந்தக் குழப்பம் என்று நீங்கள் கேட்கலாம். இதில் சூழ்ச்சி எதையும் தேட வேண்டியதில்லை. இரண்டு அடையாளங்களும் இரண்டு வெவ்வேறு வேலைகளுக்காகப் பிறந்தவை. பெயர் விற்பனைக்காகப் பிறந்தது. அது நாவில் எளிதாக வர வேண்டும். வாங்குவோர் மனத்தில் ஆசையை எழுப்ப வேண்டும். மாதிரி எண்ணோ பதிவுக்காகப் பிறந்தது. ஒவ்வொரு நாட்டிலும் அலைவரிசைகள் வேறு, விதிகள் வேறு. ஒரு கருவியை ஒரு நாட்டில் விற்பதற்கு முன் அந்நாட்டு அலுவலகத்தில் சோதனைச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றில் எழுதப்படுவது மாதிரி எண். பழுது பார்ப்பவர்க்கும், உதிரிப் பொருள் அனுப்புபவர்க்கும் அதுவே ஆதாரம்.

மூன்றாவது அடையாளம், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே அமைந்த 15 இலக்க எண். ஐஎம்இஐ எண் என்று அதைச் சொல்வார்கள். அழைக்கும் பலகையில் *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். அதன் முதல் 8 இலக்கங்கள் கருவியின் வகையைச் சொல்லும். அடுத்த 6 இலக்கங்கள் அந்த வகையில் இது எந்தக் கருவி என்பதைச் சொல்லும். கடைசி இலக்கம், மற்ற பதினான்கையும் எழுதுவதில் பிழை நேர்ந்ததா என்று சரிபார்க்க உதவும் இலக்கம். கருவி களவு போனால் காவல் நிலையத்தில் கேட்பது இந்த எண்ணைத்தான். இன்றே அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கருவிக்குள்ளேயே எழுதி வைத்தால் கருவியோடு அதுவும் போய்விடும்!

என் தங்கை மகனின் கதையை முடிக்கவில்லையே. நாங்கள் இருவரும் உட்கார்ந்து, நொறுங்கிய திரையின் ஓரத்தில் விரல் படாமல் மெல்லத் தள்ளி, 'அமைப்புகள்' என்னும் பகுதிக்குள் சென்று, கருவியைப் பற்றிய விவரங்களைத் திறந்தோம். அங்கே மாதிரி எண் இருந்தது. அவன் அதை ஒரு தாளில் எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டான். அடுத்த மாதம் பணம் சேர்ந்ததும் அந்த எண்ணைக் கொடுத்துத் திரையை வாங்கினான். அது பொருந்திற்று.

நேயர்களே, ஒரு திறன்பேசி உங்கள் வீட்டில் ஒரு மாத வருமானமாக இருக்கலாம். தந்தையார் வாங்கிய கடனாகவும் இருக்கலாம். ஆதலால் புதிதாக வாங்கும்போதும், பிறர் பயன்படுத்தியதை வாங்கும்போதும், உதிரிப் பொருள் தேடும்போதும், பெயரைக் கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். மாதிரி எண் என்ன, அது எந்த ஆண்டில் வெளிவந்தது, எந்த நாட்டுக்கு உரியது என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடை தெரிந்த பிறகு பணப்பையைத் திறக்கலாம்.