‘யெஸ்டர்டே ஐ கோ’: ஆங்கில இறந்தகாலத்தைத் தமிழ்வழி விளக்குவோம்

உலு திராம் பக்கம் படிக்கும் நம்ம பிள்ளைங்க ஒரே நாளில் மூன்று மொழிகளில் எழுதுறாங்க. ‘நேற்று நான் கோத்தா திங்கிக்குப் போனேன்’ என்பதை மூன்றிலும் எழுதச் சொல்லிப் பாருங்க. மலாயில் ‘செமாலாம் சாயா பெர்கி கெ கோத்தா திங்கி’. நேற்றும் ‘பெர்கி’, நாளையும் ‘பெர்கி’. காலத்தைக் காட்டுவது ‘செமாலாம்’ என்ற சொல்தான், வினை மாறாது. அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே ஐ கோ’ வந்துவிடுகிறது.

ஆனால், ‘நேற்று போகிறேன்’ என்று தமிழில் எந்தப் பிள்ளையும் எழுதாது. காலம் வினைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற அறிவு அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் போதும்.

1. இடைநிலையும் ‘ஈ-டி’யும்

நன்னூல் சொல்லும் இறந்தகால இடைநிலைகள் நான்கு: த், ட், ற், இன். செய்தேன், உண்டேன், தின்றேன், ஓடினேன். ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது வினையின் கடைசியில் வரும் ‘ஈ-டி’. எழுத்தில் ஒன்று, ஒலியில் மூன்று:
- வாக் – வாக்ட் (தொண்டை அதிராத ‘ட்’)
- ப்ளே – ப்ளேட் (தொண்டை அதிரும் ‘ட்’)
- வான்ட் – வான்டட் (‘டீ’, ‘டி’ ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும் ஓர் அசை கூடும்)

ஆகவே ‘வாக்கெட்’ என்று வாசிப்பது தவறு. எழுதும்போது, ‘ஈ’யில் முடியும் வினைக்கு ‘டி’ மட்டும் போதும். மெய்யெழுத்தை அடுத்து ‘வை’ வந்தால், அது ‘ஐ’ ஆகும். ‘ஸ்டாப்’ போன்ற குறுவினைகளில் கடைசி எழுத்து இரட்டிக்கும்.

2. விதிக்கு அடங்காதவை

‘கோ’ எப்படி சார் ‘வென்ட்’ ஆச்சு என்று கேட்பாங்க. தமிழிலும் விடு – விட்டான், பெறு – பெற்றான், புகு – புக்கான் என்று இடைநிலை இல்லாமல் பகுதியே இரட்டித்துக் காலம் காட்டுகிறதே! ஆங்கில வினைகளைக் குழுவாகப் பிரித்துக் கொடுங்க: மாறாதவை (கட் – கட்), உயிரொலி மாறுபவை (சிங் – சேங்), முழுதும் மாறுபவை (கோ – வென்ட்).

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தமிழில் போனேன், போனாய், போனான் என்று விகுதி மாறும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ‘வென்ட்’தான். ‘வாஸ்’, ‘வேர்’ மட்டுமே விலக்கு.

3. எதிர்மறையும் வினாவும்

பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இது. ‘போகவில்லை’ என்பதைப் பிரித்துப் பாருங்க. ‘போனேன்’ என்பதில் இருந்த இறந்தகால உருபு இதில் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘ஐ டிட் நாட் கோ’. காலத்தை ‘டிட்’ சுமந்துகொண்டது. ‘கோ’ பழைய வடிவத்துக்குத் திரும்பியது. இங்கே தமிழ் துணைக்கு வரும்.

வினாவில் அதே தமிழ் வழுக்கிவிடும். ‘போனாயா?’ என்பதில் காலம் வினையிலேயே இருப்பதால், ‘டிட் யூ வென்ட்?’ என்று எழுதத் தோன்றும். சரியானது ‘டிட் யூ கோ?’. ‘டிட்’ வந்தால், அதோடு சேரும் வினையில் இறந்தகாலம் மறுபடி வராது என்று சொல்லிக்கொடுங்க.

4. ‘சுடா’ பழக்கம்

மலாய் ‘சுடா’ தரும் பொருளுக்கு ‘ஆல்ரெடி’யைப் போட்டு ‘ஐ ஆல்ரெடி ஈட்’ என்கிறோம். ‘ஆல்ரெடி’ காலத்தைக் காட்டாது. வினைதான் மாற வேண்டும்.

எஸ்.பி.எம். மாணவர்களுக்கு

ஆங்கில எழுத்துத்தாளின் மூன்றாம் பகுதியில் 200 முதல் 250 சொற்கள் எழுத வேண்டும். கதையைத் தேர்ந்தெடுத்தால், ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் இறந்தகால வினை வரும். கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, வினைகளுக்கு மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘போனான்’ என்று மனம் சொல்லும் இடத்தில் தாளில் ‘கோ’ இருந்தால், உடனே திருத்துங்கள்.