பூரணத்தைப் பொறுத்தது

சோமாசி அச்சைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் வைத்தால் பல நாள் கெடாது. பச்சைத் தேங்காய்த் துருவல் வைத்தால் சீக்கிரமே வாடை வந்துவிடும். அச்சு ஒன்றுதான். ‘எத்தனை நாள் தாங்கும்?’ என்று அதனிடம் கேட்டால், ‘முதலில் பூரணம் என்னவென்று சொல்’ என்றுதான் பதில் வரும்.

கணினி நிரல் எழுதுபவர்களும் இப்படி அச்சு செய்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் உருவாக்கிய சி பிளஸ் பிளஸ் மொழியில் இது அன்றாடப் புழக்கம். ஒருமுறை எழுதினால் போதும். எண்ணோ எழுத்தோ படமோ, எதைக் கொடுத்தாலும் அதற்கேற்ற நிரலைக் கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள், வார்த்துத் தரும்.

இப்படிப்பட்ட டெம்ப்ளேட்களில் ஒன்று வெக்டர். பொருள்களை வரிசையாக அடுக்கி வைப்பது அதன் வேலை. நான்கு இடம் பிடித்திருக்கிறது, நான்கும் நிரம்பிவிட்டன, ஐந்தாவது பொருள் வருகிறது. நினைவகத்தில் பக்கத்து இடம் காலியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வேறெங்கோ பெரிய இடமாகப் பிடித்து, பழைய நான்கையும் அங்கே கொண்டுபோக வேண்டும்.

நகர்த்தலாம், அல்லது நகலெடுக்கலாம். ஒரு நீண்ட கதையை நகர்த்தும்போது கதையையே தொடுவதில்லை. அது இருக்கும் முகவரி மட்டும் கைமாறுகிறது. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. நகலெடுப்பதென்றால் கதை முழுவதையும் மறுபடி எழுத வேண்டும்.

அப்படியானால் எப்போதும் நகர்த்திவிடலாமே? இரண்டை நகர்த்தியாயிற்று, மூன்றாவதில் பிழை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரிசையில் இரண்டு பொருள்கள் இல்லை. புதிய வரிசையும் முழுமையாக இல்லை. திரும்பக் கொண்டுவரப் பார்த்தால் அதிலும் பிழை வரலாம். நகலெடுத்திருந்தால் பழைய வரிசை அப்படியே இருக்கும். அரைகுறையான புதியதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஆகவே வெக்டர் ஒவ்வொரு வகைப் பொருளிடமும், ‘நகரும்போது பிழை வராது என்று வாக்குத் தருவாயா?’ என்று கேட்கிறது. தந்தால் நகர்த்துகிறது. தராவிட்டால், நகலெடுக்கக் கூடிய பொருளாக இருந்தால், பொறுமையாக நகலெடுக்கிறது. அந்த வாக்குதான் ‘நோஎக்ஸெப்ட்’. 2011இல் சி பிளஸ் பிளஸுக்குள் வந்தது.

இதைப் பொய்யாகத் தரக் கூடாது. வாக்குத் தந்த இடத்திலிருந்து பிழை வெளியே வந்தால் நிரல் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். ஆனால் ஒரு டெம்ப்ளேட்டை எழுதுபவருக்கு, நாளை அதில் யார் எதை வைப்பார்கள் என்று தெரியாதே! அதனால்தான் நிபந்தனையோடு எழுதுகிறார்கள். நோஎக்ஸெப்ட் என்ற சொல்லே ஒரே வரியில் இரண்டு முறை வரும். உள்ளே இருப்பது, ‘இந்தப் பொருளை நகர்த்தினால் பிழை வராதுதானே?’ என்று கேட்கிறது. வெளியே இருப்பது, அந்தப் பதில் ஆம் என்றால் மட்டும் வாக்குத் தருகிறது. எண்ணை வைத்தால் ஆம். நகரும்போதே புதிதாக நினைவகம் கேட்கும் பொருளை வைத்தால் இல்லை. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே கம்பைலர் இதைத் தீர்மானித்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

வால்டர் பிரைட் உருவாக்கிய டி மொழியில் நிபந்தனையை நாம் எழுதவே வேண்டாம். டெம்ப்ளேட்டில் எந்தப் பொருள் வைக்கப்படுகிறதோ, அதை வைத்து உள்ளிருக்கும் வரிகளைக் கம்பைலரே படித்துப் பார்த்து, வாக்குத் தரலாமா என்று முடிவு செய்துகொள்கிறது.