வீடு என்னும் சொல்

அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள்களை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். வீடு என்பது 'விடு' என்னும் முதனிலை திரிந்து பிறந்த தொழிற்பெயர். பற்றினின்றும் விடுபட்ட நிலைக்குரிய அப்பெயரே, பகலெல்லாம் உழைத்தவன் மாலையிற் சுமை இறக்கி அமரும் இடத்திற்கும் வழங்கி வருகின்றது. விடுதலை இல்லாத உறைவிடத்தை வீடு என்றல் தகுமா என்று எண்ணிப் பார்ப்பது தமிழ் கற்றார் கடன்.

நிவித்திகலைச் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நம் மக்கள் தாம் வாழும் அறையைக் 'காம்பரா' என்பர். அச்சொல் போர்த்துக்கேயர் வழி வந்தது. முன்னுள்ள ஒடுங்கிய திண்ணை 'இஸ்தோப்பு'. அது ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. வரிசை முழுவதும் 'லயம்'. அது ஆங்கிலேயரின் 'லைன்'. மூன்று அந்நியரும் போய்விட்டனர். அவர்தம் சொற்களுக்குள்ளேயே நம் மக்கள் இன்றும் குடியிருக்கின்றனர்.

பழைய லயத்தின் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்த 120 சதுர அடியிலேதான் அடுப்பெரிவதும், பிள்ளை படிப்பதும், மணமக்கள் வாழ்வதும், முதியோர் நோயுற்றுக் கிடப்பதும். கூரைத் தகரத்தின்மேல் இரத்தினபுரி மாவட்டத்துப் பெருமழை பொழியுங்கால், உள்ளே இருப்பவர் பேச்சு ஒருவருக்கொருவர் கேளாது.

அறையின் சிறுமையினும் பெரிய குறை ஒன்றுண்டு. அவ்வறை அவர்களுடையது அன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை நிறைவுறும் வகையில் 2003இல் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை வந்தது, குடியிருக்கும் உரிமை வந்ததா? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. நிலம் அரசினுடையது, நிருவாகம் கம்பெனியினுடையது, அங்கே பிறந்து வளர்ந்து இறப்பவனுக்கு உரியது யாது? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டத்திற்குச் சபையின் பணத்தைச் செலவிட இடந்தராது, 2018இல் திருத்தப்படும்வரை தடையாய் நின்றது.

என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவன் ஒருவன் ஒருநாள் பாடம் முடிந்தபின் தயங்கி நின்றான். தந்தை இளைப்பாறிவிட்டார், தாயின் கைவிரல்கள் மடங்கிவிட்டன, தமையன் கொழும்பிலே கடையில் வேலை செய்கிறான். "ஐயா, தோட்டத்தில் பேர் பதிந்தவர் எங்கள் வீட்டில் இப்போது ஒருவருமில்லை. காம்பராவை விடச் சொன்னால் எங்கே போவது? நான் படிப்பை விட்டுப் பெரட்டுக்குப் போகட்டுமா?" என்றான். படிப்பை விடாதே என்றேன். ஆயினும், கூரையைக் காக்கக் கல்வியைப் பணயம் வைக்க வேண்டிய நிலையில் ஒரு பிள்ளை நிற்பானாயின், அது அவன் குடும்பத்தின் குறை அன்று, முறையின் குறை.

தனி வீடும் 7 பேர்ச்சஸ் நிலமும் என்னும் திட்டம் இக்குறையைத் தீர்க்கப் பிறந்தது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடியில் ஒரு வீடு எழுப்பினால், மிச்சத்திலே ஒரு முருங்கையும் சிறு கீரைப்பாத்தியும் வைக்கலாம். இந்திய உதவியால் முதலில் மலையகத்திற்கென 4,000 வீடுகள் கட்டப்பெற்றன. அவை மத்திய, ஊவா மாகாணங்களுக்கு உரியன. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதற்கான அடிக்கல் 2024இலேதான் நாட்டப்பெற்றது.

சப்ரகமுவ முதற்பந்தியில் இடம்பெறாத காரணம் ஆராயத்தக்கது. நுவரெலியாவில் நம்மவர் திரண்டு வாழ்கின்றனர். அங்கே வாக்கு உண்டு, குரல் உண்டு. இங்கோ சிங்களக் கிராமங்களுக்கிடையே இரண்டு லயம், மூன்று லயம் எனச் சிதறிக் கிடக்கின்றனர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அடிபட்டு வடக்கே ஏகியோர் பலர். எஞ்சியோர் தலைகுனிந்து வாழப் பழகியோர். குரல் தாழ்ந்தவனுக்குப் பங்கு குறைவு என்பது அறமாகாது. அயற்கிராமத்து ஏழைச் சிங்கள விவசாயிக்குக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வழி 1935 முதலே அரசு நிலம் கிடைத்து வந்தது. அது நன்றே, அவனுக்குத் தந்தது குறைய வேண்டும் என்பது என் கருத்தன்று. அதே மழையில் நனையும் தோட்டத்து ஏழைக்கும் அதே அளவுகோல் வேண்டும் என்பதே.

ஆதலின் வேண்டுவன மூன்று. வீடுகளை மாவட்டங்களுக்குப் பகிரும்போது தலைகளின் திரட்சியை நோக்காது தேவையை நோக்குக. இந்த ஈரமண்ணிற் சரிவு ஆய்ந்து இடந்தெரிக. 2014இல் மீரியபெத்தை லயங்களை மண் மூடியதை மறத்தலாகாது. உழைப்பவர்க்கு மட்டுமன்றி, உழைத்து ஓய்ந்தவர்க்கும் வீடு தருக.

இவை எல்லாவற்றிற்கும் மேலானது காணி உறுதி. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 பயனாளிகளுக்குச் சான்றிதழ்கள் வழங்கப்பெற்றன, மகிழ்ச்சியே. எனினும் சான்றிதழ் வேறு, உறுதி வேறு. நிலத்திற்குரிய பத்திரத்திற்கு 'உறுதி' என்று பெயரிட்டவன் சொல்லின் பொருளறிந்தவன். அது கைக்கு வரும் நாளில் மாணவன் பெரட்டுக்கு அஞ்சாது பாடம் படிப்பான். காம்பராவும் வீடு என்னும் பெயர் பெறும்.