முழங்கால் வலியும் தொடைத் தசையும்

குழித்தறியில் அமர்ந்து நெய்பவரும் வயலில் குந்திக் களையெடுப்பவரும் முழங்காலின் முன்புறம் வலித்தால், எலும்பு தேய்ந்துவிட்டதென்றே அஞ்சுகின்றனர். எப்போதும் அவ்வாறன்று.

தொடையின் முன்புறத்தில் உள்ள 4 தசைகள் ஒன்றுகூடி முழங்காற் சில்லைப் பற்றியுள்ளன. காலை மடக்கி நீட்டுகையில் சில்லு தன் பள்ளத்தில் ஒழுங்காக நகர இவை துணைபுரிகின்றன. இத்தசைகளின் வலுக்குறைவு வலிக்கு ஒரு முக்கிய காரணமாகும். வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காதிருப்பின் தசை மேலும் மெலியும். படியேறுதலும் குந்தி எழுதலும் இன்னும் கடினமாகும்.

ஆகவே, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டியபடியே ஒரு சாண் உயர்த்தி, 5 விநாடி நிறுத்தி இறக்குக. இவ்வாறு ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, நாள்தோறும் செய்க. பலன் தெரியச் சில வாரங்களாகும். வீக்கமோ, அடிபட்ட வலியோ, கால் மடங்காமையோ இருப்பின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.